மருத்துவரிடம் கேளுங்கள்: வடசென்னை வாசகர்களின் கொலஸ்ட்ரால் சந்தேகங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கத்திலிருந்து வந்தவை. பலரும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டின் நகலையும் இணைத்திருந்தார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, எழுதியவரை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 46. துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் ஓட்டுகிறேன். கம்பெனியில் கட்டாயம் என்று சொன்னதால் ரத்தம் கொடுத்தேன். மொத்த கொலஸ்ட்ரால் 228, எச்.டி.எல். 38, டிரைகிளிசரைடு 210, எல்.டி.எல். 148 என்று வந்திருக்கிறது. மொத்த கொலஸ்ட்ராலுக்கும் எல்.டி.எல்.லுக்கும் எதிரே 'பார்டர்லைன்' என்று போட்டிருக்கிறார்கள். மூச்சு வாங்குவதோ நெஞ்சு வலியோ எனக்கு இல்லை. ஆனாலும் வீட்டில் பயந்துபோய் முட்டையையும் தேங்காயையும் நிறுத்திவிட்டார்கள். இது போதுமா? தினமும் ஐந்தாறு சிகரெட் பிடிப்பேன். பி.பி.க்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், தொடர்ந்து சாப்பிடவில்லை.
(வாசகர், ராயபுரம்)

பதில்: உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான இரண்டு செய்திகளைக் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: சிகரெட் ஒன்று, பாதியில் விட்ட ரத்த அழுத்த மாத்திரை இன்னொன்று. முட்டையும் தேங்காயும் அவற்றுக்குப் பிறகுதான் வரும்.

கொலஸ்ட்ரால் உடலுக்கு வேண்டாத பொருள் அல்ல. ஒவ்வொரு செல்லின் மேலுறைக்கும், உண்ட கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்களுக்கும், வைட்டமின் டி-க்கும், ஆண் பெண் ஹார்மோன்களுக்கும் அது தேவைப்படுகிறது. அதில் பெரும்பகுதியை, தோராயமாக நான்கில் மூன்று பங்கை, நம் உடலே தயாரித்துக்கொள்கிறது, முக்கியமாகக் கல்லீரல். உணவிலிருந்து வருவது மீதிப் பங்குதான். ஆகவே முட்டையை நிறுத்திய மறுமாதமே எண் சரசரவென்று இறங்கிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. கொழுப்பு ரத்தத்தில் கரையாது என்பதால் புரத உறை போர்த்திய நுண்ணிய துகள்களாகவே அது பயணம் செய்கிறது. கல்லீரலிலிருந்து உடலெங்கும் கொண்டுசெல்லும் துகள்கள் எல்.டி.எல்.; திசுக்களில் மிஞ்சியதைத் திருப்பிக் கொண்டுவரும் துகள்கள் எச்.டி.எல்.

எல்.டி.எல். அதிகமானால் என்ன ஆகிறது என்பதில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ரத்தக் குழாயின் உள்வழியில் கொழுப்பு ஒட்டிக்கொண்டு வழியை அடைப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் அது சேர்வது குழாயின் சுவருக்குள்ளே. கடற்கரையை ஒட்டிய நம் பழைய வீடுகளில் உப்புக் காற்று பட்ட சுவரின் பூச்சு உள்ளிருந்தே உப்பிக்கொண்டு வந்து, ஒரு நாள் பொத்தென்று வெடித்து உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள்; ரத்தக் குழாயில் நடப்பதும் அதுபோலத்தான். பல ஆண்டுகளாகச் சுவருக்குள் புகுந்த எல்.டி.எல். அங்கே அழற்சியை உண்டாக்கிப் படிவமாகிறது. அந்தப் படிவத்தின் மெல்லிய மேல்தோல் ஒரு நாள் கிழிந்ததும் அந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. அந்த உறைவுதான் சில நிமிடங்களில் குழாயை அடைத்து மாரடைப்பைக் கொண்டுவருகிறது. கிழிகிற படிவம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. முந்தைய நாள் வரை ரத்த ஓட்டத்துக்கு இடைஞ்சலாக இல்லாத படிவம்கூடக் கிழியலாம். ஆகையால் 'மூச்சு வாங்கவில்லை, வலி இல்லை' என்பதை வைத்து உங்கள் ரத்தக் குழாயின் நிலையைச் சொல்ல இயலாது. கொலஸ்ட்ராலுக்கு என்று தனியாக ஒரு தலைச்சுற்றலோ பிடரி வலியோ கிடையாது.

இனி உங்கள் எண்கள். பெரும்பாலான லேப்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை, மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துக் கணக்கிடுகிறார்கள். 228-இல் 38-ஐயும் 42-ஐயும் கழித்தால் 148. உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பதும் அதுதான். இன்னொரு எண்ணை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்: மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்தால் 190 வரும். சுவருக்குள் புகக்கூடிய எல்லாத் துகள்களையும் சேர்த்த கணக்கு அது. டிரைகிளிசரைடு கூடுதலாக உள்ளவர்களுக்கு எல்.டி.எல்.லைவிட அது நம்பகமானது.

'பார்டர்லைன்' என்ற சொல் எல்லோருக்கும் பொதுவாக அச்சிடப்படுவது. ரிப்போர்ட்டை அச்சிடும் கம்ப்யூட்டருக்கு நீங்கள் சிகரெட் பிடிப்பதும் தெரியாது, பி.பி. இருப்பதும் தெரியாது. இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரிய ஆபத்துக் காரணம் எதுவும் இல்லாதவருக்கே எல்.டி.எல். 100-க்குக் கீழ் இருக்க வேண்டும். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவருக்கு 70-க்குக் கீழ். அப்படிப் பார்த்தால் உங்களுடைய 148 எந்த எல்லையின் அருகிலும் இல்லை. மேலும், 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருவது தெரிந்தது. 46 வயது என்பது நமக்கு இளம் வயதல்ல.

எச்.டி.எல். 38 என்பதைக் கண்டு கவலைப்பட்டிருப்பீர்கள். அது நம் நாட்டில் மிகப் பரவலானது. சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் இருவருக்கு எச்.டி.எல். குறைவாக இருந்தது. இதை மாத்திரை போட்டு உயர்த்தலாம் என்று முயன்ற காலமும் உண்டு. டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.லை நன்றாகவே உயர்த்தியது. ஆனால் அதைச் சாப்பிட்டவர்களிடையே இறப்பு கூடியதால் 2006-இல் சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆகவே எச்.டி.எல்.லைத் துரத்த வேண்டாம். நீங்கள் சிகரெட்டை விட்டு நடக்கத் தொடங்கினால் அது ஓரளவு தானாகவே உயரும். உயராவிட்டாலும் அவற்றின் பலன் உங்களுக்குக் கிடைத்துவிடும்.

ஸ்டீயரிங் முன் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர் நீங்கள். துறைமுக வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் நேரத்தில்தான் சிகரெட் கூடுகிறது என்று உங்களைப் போன்ற ஓட்டுநர்கள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்துக்கு மாற்று ஏற்பாடு ஒன்றை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து, மாத்திரையை மறுபடி தொடங்குங்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை தேவையா என்பதையும் அங்குள்ள மருத்துவர் முடிவு செய்யட்டும். என் கணிப்பில் தேவைப்படும். முட்டை வாரத்துக்கு நான்கைந்து சாப்பிடலாம், தடையில்லை. தேங்காயைச் சட்னி அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறேன். என் வீட்டுக்காரருக்கு கொலஸ்ட்ரால் 240 வந்ததும், இறால், நண்டு, கடம்பா எதையும் தொடக்கூடாது, கோழி மட்டும் சாப்பிடலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். விற்பதையே சாப்பிடக்கூடாது என்றால் எப்படி? கருவாடு சாப்பிடலாமா?
(வாசகி, காசிமேடு)

பதில்: உங்கள் கூடையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை உங்கள் வீட்டுக்காரருக்கு ஏற்றவைதான்.

இறாலில் கொலஸ்ட்ரால் அதிகம் என்பது உண்மை: 100 கிராமுக்குச் சுமார் 150 முதல் 190 மில்லிகிராம் வரை இருக்கும், அதாவது ஏறத்தாழ ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் உள்ள அளவு. கடம்பாவில் அதைவிடச் சற்றுக் கூடுதல், நண்டில் குறைவு. ஆனால் நம் ரத்தத்தின் எல்.டி.எல்.லை உயர்த்துவதில் உணவில் உள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்புக்குத்தான் பெரிய பங்கு. நெய், வெண்ணெய், டால்டா, பாமாயில், ஆட்டின் கொழுப்பு, கோழியின் தோல் ஆகியவற்றில் இருப்பது அந்த வகைக் கொழுப்பு. கல்லீரலின் மேற்புறத்தில் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் உள்ளன. நிறைவுற்ற கொழுப்பு அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுவதால், எல்.டி.எல். ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. இறாலில் இந்தக் கொழுப்பு 100 கிராமுக்கு ஒரு கிராம்கூட இராது.

நியூயார்க்கில் உள்ள ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் 1996-இல் இதைச் சோதித்தார்கள். தினமும் 300 கிராம் இறால் கொடுத்ததில் எல்.டி.எல். சுமார் 7 சதவீதம் உயர்ந்தது, எச்.டி.எல். 12 சதவீதம் உயர்ந்தது, டிரைகிளிசரைடு இறங்கியது. எந்த வீட்டிலும் அன்றாடம் ஒருவருக்கு 300 கிராம் இறால் பரிமாறப்படுவதில்லை. வாரம் ஒருமுறையோ இருமுறையோ இறால் தொக்கு வைத்தால் ஒன்றும் ஆகாது. சட்டியில் அதோடு எவ்வளவு எண்ணெய் சேர்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

மத்தி, கவலை, கானாங்கெளுத்தி, நெத்திலி ஆகியவற்றை வாரம் இரண்டு மூன்று நாள் குழம்பாக வைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். ஒமேகா-3 கொழுப்பு உள்ள இந்த மீன்கள் வஞ்சிரத்தைவிடப் பல மடங்கு மலிவு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வஞ்சிரம் துண்டை மசாலா தடவிப் பொரித்தெடுக்கும்போது எண்ணெய் சேர்ந்துவிடுகிறது. அதையே தோசைக்கல்லில் இரண்டு கரண்டி எண்ணெயில் வாட்டினால் போதும். மீன் சினையில் கொலஸ்ட்ரால் அதிகம். எப்போதாவது என்றால் சரி. ஆட்டு மூளைக்கு மட்டும் நான் விலக்குத் தரமாட்டேன்: 100 கிராமில் 1000 மில்லிகிராமுக்கும் மேல் கொலஸ்ட்ரால் உண்டு.

கருவாட்டில் கவலைப்பட வேண்டியது உப்பைப் பற்றித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் கருவாட்டுக் குழம்பு அடிக்கடி வைக்கப்படும் வீடுகளில், அந்த மாதங்களில் பி.பி. கூடுவதை நான் கவனித்திருக்கிறேன். வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் வைத்தால் பாதிப்பு குறையும். வீட்டுக்காரருக்கு பி.பி. இருந்தால் மாதத்துக்கு ஓரிரு முறையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கோழி மட்டும் சாப்பிடச் சொன்னவர்கள் பொரித்த கோழியைச் சொன்னார்களா என்றும் விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு வயது 29, எடை 56 கிலோ. உணவு டெலிவரி வேலை, நாள் முழுக்க அலைச்சல். ரத்த தானம் செய்யப் போன இடத்தில் சந்தேகப்பட்டுப் பரிசோதித்ததில் எல்.டி.எல். 236 வந்தது. ஒல்லியாக இருக்கும் எனக்கு எப்படி இவ்வளவு வரும்? மெஷின் தவறாக இருக்குமா? அப்பா 42 வயதில் மாரடைப்பில் இறந்தார். என் கண் இமையில் மஞ்சளாகத் திட்டு இருக்கிறது. தங்கைக்கு 24 வயது. எனக்கு ஒரு மகன் இருக்கிறான்.
(வாசகர், வியாசர்பாடி)

பதில்: தம்பி, மறுபடி ஒருமுறை பரிசோதியுங்கள். ஆனால் மெஷின் தவறு என்று நம்பிக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். உங்கள் கடிதத்தில் உள்ள மூன்று விவரங்களும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

உடல் பருமனுக்கும் எல்.டி.எல்.லுக்கும் நாம் நினைக்கும் அளவு நெருங்கிய தொடர்பு கிடையாது. மேலே சொன்ன கல்லீரல் ஏற்பிகள் சிலருக்குப் பிறவியிலேயே பாதி அளவுதான் வேலை செய்யும். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் மைக்கேல் பிரவுன், ஜோசஃப் கோல்ட்ஸ்டீன் என்ற இரு மருத்துவர்கள் இதைக் கண்டறிந்து 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். பரம்பரையாக வரும் இந்தக் கொலஸ்ட்ரால் கோளாறு ஏறத்தாழ 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெரும்பாலானோருக்குத் தெரிவதே இல்லை. எல்.டி.எல். 190-க்கு மேல் இருப்பதும், நெருங்கிய ரத்த உறவில் ஆண் 55 வயதுக்கு முன்போ பெண் 65 வயதுக்கு முன்போ மாரடைப்புக்கு ஆளாகியிருப்பதும் இதை நினைக்கவைக்கும் அறிகுறிகள். கண் இமைத் திட்டு மட்டும் இருந்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அது கொலஸ்ட்ரால் சரியாக உள்ள பலருக்கும் வருவதுண்டு. இன்னொரு இடத்தையும் நீங்களே பாருங்கள்: குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த நரம்பு போன்ற தசைநாரை இரண்டு விரல்களால் பிடித்துக் கீழிருந்து மேலாகத் தடவிப் பாருங்கள். அது வழக்கத்தைவிடத் தடித்தோ முண்டுமுண்டாகவோ இருந்தால், அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்தக் கோளாறில் 29 வயது என்றால், 29 ஆண்டுகளாக ரத்தக் குழாய்கள் கூடுதல் எல்.டி.எல்.லில் ஊறியிருக்கின்றன என்று பொருள். ஆபத்தைத் தீர்மானிப்பது எண் எவ்வளவு என்பதோடு, எத்தனை ஆண்டு அந்த நிலையில் இருந்தது என்பதும்தான். அதனால் உணவைக் கட்டுப்படுத்தி ஆறு மாதம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் உங்கள் விஷயத்தில் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உணவால் மட்டும் 236-ஐ 100-க்குக் கொண்டுவர முடியாது. ஸ்டான்லி மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவில் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். அப்பாவின் வயதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றில் காரணம் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு ஸ்டாடின் தொடங்குவார்கள். பெரும்பாலும் எசெடிமைப் என்ற இரண்டாவது மாத்திரையும் தேவைப்படும்.

தங்கைக்கு இது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. உங்கள் மகனுக்கும் அப்படியே. தங்கைக்கு உடனே பரிசோதனை செய்யுங்கள். திருமணமாகிக் குழந்தைக்குத் திட்டமிடும் சமயத்தில் ஸ்டாடினை வழக்கமாக நிறுத்திவைப்பார்கள் என்பதால், மருத்துவரிடம் அதையும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. மகனுக்கு இப்போது மருந்து எதுவும் வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் சொல்லிவைத்து அவர் குறிப்பிடும் வயதில் ரத்தம் பார்த்தால் போதும். இந்தக் கோளாறு உறுதியான குழந்தைகளுக்கு எட்டு, பத்து வயதளவில் மாத்திரை தொடங்குவது உலகெங்கும் உள்ள நடைமுறை.

கேள்வி: வயது 58. சென்ற ஆண்டு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது எல்.டி.எல். 131, இப்போது 62. ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்றே இருக்கிறது. இன்னும் கொலஸ்ட்ரால் மாத்திரை எதற்கு? தொடையும் கெண்டைக்காலும் வலிக்கின்றன. மாத்திரையால்தான் என்று எதிர்வீட்டு அக்கா சொல்கிறார். அவரும் நிறுத்திவிட்டாராம்.
(வாசகி, தண்டையார்பேட்டை)

பதில்: அம்மா, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். 62 வந்தது மாத்திரையால். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய 131-க்கே திரும்பிவிடும். மாரடைப்பு வந்தவருக்கு இந்திய இதயவியல் சங்கம் வகுத்திருக்கும் இலக்கு 55-க்குக் கீழ். அந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் எண் இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும். ஸ்டாடினின் அளவை இரட்டிப்பாக்கினாலும் எல்.டி.எல். மேலும் 6 சதவீதமே குறையும் என்பதால், மருத்துவர் எசெடிமைப் சேர்க்கக்கூடும்.

எண்ணைக் குறைப்பதோடு, ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள படிவத்தின் மேல்தோலை உறுதியாக்கும் வேலையையும் ஸ்டாடின் செய்கிறது. நெஞ்சு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே, ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளோடு அட்டோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாடினையும் கொடுக்கும் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கியது. அந்த அவசரத்தில் யாரும் கொலஸ்ட்ரால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஸ்டென்ட் வைத்த இடம் ஒன்றுதான். மற்ற ரத்தக் குழாய்களின் சுவரைக் காப்பது இந்த மாத்திரைதான்.

கால் வலியை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஸ்டாடினால் தசை வலி வரும். ஆனால் வலி என்று சொல்பவர்கள் எல்லோருக்கும் அதனால் வருவதில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில், ஸ்டாடின் ஒத்துக்கொள்ளாமல் நிறுத்திய 60 பேருக்கு, சில மாதங்கள் ஸ்டாடின், சில மாதங்கள் அதே உருவில் வெற்று மாத்திரை, சில மாதங்கள் எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்டாடின் சாப்பிட்டபோது இருந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் இருந்தது. அவர்களுக்கு வலித்தது பொய்யல்ல. வலிக்குப் பெரும்பாலும் காரணம் மருந்தல்ல என்பதே இதிலிருந்து தெரிவது. உங்கள் வயதில் வைட்டமின் டி குறைவு, தைராய்டு, மூட்டுத் தேய்மானம், சர்க்கரையால் வரும் நரம்புக் கோளாறு என்று வேறு காரணங்கள் பல இருக்கக்கூடும். தசை பாதிப்பைக் காட்டும் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனையும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். மருந்துதான் காரணம் என்று உறுதியானால் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாடினுக்கு மாற்றலாம். சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனாலோ, உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாத அளவு தசை பலவீனமானாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நடக்கும்போது கெண்டைக்காலில் பிடித்து, நின்றால் விட்டுவிடும் வலியாக இருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். அது கால் ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம், அப்படியானால் மாத்திரை இன்னும் அதிகம் தேவை.

எதிர்வீட்டு அக்காவையும் உங்களோடு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று எழுதியிருக்கும் எண்ணெயைத்தான் வாங்குகிறேன். ரேஷன் பாமாயிலும் வீட்டில் உண்டு. எது நல்லது?
(வாசகி, திருவொற்றியூர்)

பதில்: தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் பொருட்படுத்தும் அளவில் இருக்காது, அந்த வாசகத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் அது சுமார் 90 சதவீதம், பாமாயிலில் 40 சதவீதத்துக்கு மேல், கடலை எண்ணெயில் 20-க்குள், நல்லெண்ணெயில் 15 அளவு, சூரியகாந்தியில் அதைவிடக் குறைவு. ரேஷன் பாமாயிலை விடச் சொன்னால் பல குடும்பங்களின் மாதச் செலவு இடிக்கும் என்பது எனக்குத் தெரியும். தாளிப்புக்கும் தோசைக்கும் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வைத்துக்கொண்டு, பாமாயிலை எப்போதாவது செய்யும் பலகாரத்துக்கு ஒதுக்குங்கள். எல்லா எண்ணெயும் சேர்ந்து ஆளுக்கு மாதம் அரை லிட்டரைத் தாண்டாமல் இருக்க வேண்டும்; நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு லிட்டர். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்ச வேண்டாம். உணவுப் பொருட்களில் டிரான்ஸ் கொழுப்பை 2 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும் என்று 2022 ஜனவரி முதல் சட்டம் இருக்கிறது. தெருமுனைக் கடையில் கறுத்துப்போன எண்ணெயில் போடும் பஜ்ஜியை அந்தச் சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை.

கேள்வி: சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறேன். 12 மணி நேரம் பட்டினி கிடந்து ரத்தம் கொடுக்கச் சொல்கிறார்கள். தலை சுற்றுகிறது.
(வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: கொலஸ்ட்ராலுக்காக மட்டும் என்றால் பட்டினி அவசியமில்லை, சாப்பிட்ட பிறகு கொடுத்தாலும் மொத்தம், எச்.டி.எல். இரண்டும் பெரிதாக மாறாது. டிரைகிளிசரைடு 400-க்கு மேல் வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால், காலையில் முதல் ஆளாகப் போங்கள். ரத்தம் கொடுத்து முடிக்கும் வரை சர்க்கரை மாத்திரையைப் போட வேண்டாம்.

கேள்வி: வயது 39. டிரைகிளிசரைடு 612. எல்.டி.எல். இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே போடவில்லை. வார இறுதியில் மது அருந்துவதுண்டு.
(வாசகர், கொடுங்கையூர்)

பதில்: டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் முதல் பதிலில் சொன்ன கழித்தல் கணக்கு பொருந்தாது, அதனால்தான் அந்த இடம் காலியாக இருக்கிறது. 500-க்கு மேல் போனால் இதயத்துக்கு முன்பே கணையத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். மேல் வயிற்றில் தொடங்கி முதுகு வரை ஊடுருவும் கடுமையான வலி வாந்தியோடு வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். மதுவை முழுவதுமாக நிறுத்துங்கள். வார இறுதி மட்டும் என்ற சலுகை இந்த எண்ணுக்குப் பொருந்தாது. டிரைகிளிசரைடை உயர்த்துவதில் எண்ணெயைவிடச் சர்க்கரை போட்ட டீ, குளிர்பானம், பரோட்டா, மூன்று வேளைச் சோறு ஆகியவற்றின் பங்கு அதிகம். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை பார்த்துவிடுங்கள், இந்த வயதில் இந்த அளவு வந்தவர்களுக்கு அது மறைந்திருப்பது வழக்கம்.

கேள்வி: வயது 44. ஓராண்டில் மொத்த கொலஸ்ட்ரால் 190-இலிருந்து 285 ஆகிவிட்டது. சாப்பாடு மாறவில்லை. உடம்பு அசதி, முடி கொட்டுகிறது, எடை ஏறுகிறது.
(வாசகி, பெரம்பூர்)

பதில்: கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு முன்னால் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள். தைராய்டு மந்தமானால் கல்லீரல் எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்வது குறையும். தைராய்டு மாத்திரை மட்டுமே போட்டு ஓரிரு மாதங்களில் இந்த எண் தானாக இறங்கியவர்கள் உண்டு. தைராய்டைச் சரிசெய்யாமல் ஸ்டாடின் தொடங்கினால் தசை வலி வர வாய்ப்பும் கூடுதல்.

கேள்வி: ஆங்கில மருந்து எல்லாம் கெமிக்கல் என்பதால் பூண்டுப் பால், வெந்தயம், மருதம்பட்டைக் கஷாயம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எல்.டி.எல். 170, சர்க்கரையும் உண்டு. தொடரலாமா?
(வாசகர், எண்ணூர்)

பதில்: வெந்தயத்தைத் தொடருங்கள், அதில் உள்ள கரையும் நார்ச்சத்து பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறுவதால் எல்.டி.எல். சற்றுக் குறையும். பயறு, கொண்டைக்கடலை, வெண்டைக்காய், அவரைக்காய் ஆகியவற்றுக்கும் அந்தக் குணம் உண்டு. எல்லாம் சேர்ந்து 5 முதல் 10 சதவீதம் குறைத்தால் அதிகம்; உங்கள் 170, 155-க்கு வரும். சர்க்கரை உள்ள உங்களுக்குத் தேவை 70-க்குக் கீழ். பூண்டின் பலன் அதைவிடச் சொற்பம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவரானால் பூண்டை மருந்தளவில் எடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

'கெமிக்கல்' என்ற பயத்துக்கு ஒரு செய்தி: ஸ்டாடின் பூஞ்சையிலிருந்து வந்தது. ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1973-இல் நீலப் பச்சை நிறப் பூஞ்சை ஒன்றிலிருந்து முதல் ஸ்டாடினைப் பிரித்தெடுத்தார். 1987-இல் இந்த வகை மருந்து முதன்முதலாக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. எல்.டி.எல்.லை ஒவ்வொரு 39 அளவு குறைக்கும்போதும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனைகளில் உறுதியாகியிருக்கிறது. ஸ்டாடினால் சர்க்கரை சிறிதளவு கூடலாம்; கூடினாலும் அதைச் சர்க்கரை மாத்திரையால் சமாளிக்க முடியும். கஷாயத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த முறை சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும்போது எல்.டி.எல். ரிப்போர்ட்டையும் எடுத்துச் சென்று காட்டுங்கள். மாத்திரை தொடங்கினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி ரத்தம் பாருங்கள்.